நாப்கினுக்கு மாற்று இருக்கு... காயப்போட வெயில் இருக்கா? கல்வராயன் மலையிலிருந்து ஒரு கணக்கு

கடைசியா யூஸ் பண்ண நாப்கினை எங்கே போட்டீங்க?

பேப்பரில் சுற்றி பாத்ரூம் குப்பைத் தொட்டியில் போட்டிருப்பீங்க. காலையில் குப்பை வண்டி வந்திருக்கும். அதோடு அந்த நாப்கினை மறந்தாச்சு. சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு 'டிஸ்போசபிள்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே இதுதான். யாரோ ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க.

இப்போ நாப்கின் அதேதான், இடத்தை மட்டும் மாத்திக்குவோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி மேலே ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலைதான் அங்கே தாலுகா தலைமையிடம். அதைச் சுற்றி, சரிவுகளிலும் காட்டு ஓரங்களிலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சின்னச் சின்ன ஊர்கள். சாமையும் மரவள்ளியும் விளைகிற நிலம். அப்படி ஓர் ஊரில், ஐப்பசி மழையில், பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் கையில் யூஸ் பண்ண நாப்கினோடு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அதை எங்கே போடுவாள்?

'சுற்றுச்சூழலுக்கு உகந்த பீரியட்ஸ் பொருட்கள்' என்று தேடினால் துணி பேட், கப், பீரியட் பேன்ட்டி என்று வரிசையாக விளம்பரங்கள் வரும். எல்லாமே நல்ல விஷயம்தான். ஆனால் எது யாருக்கு செட் ஆகும் என்பதைத் தண்ணீர், வெயில், தனிமை, குப்பை வண்டி ஆகிய நான்கும்தான் முடிவு செய்கின்றன. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதல்ல, ஒரு நாப்கினுக்குள்ள என்ன இருக்கு?

பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் வழக்கமான நாப்கினில் பருத்தி பெரும்பாலும் இருக்காது. தோலில் படும் மேல் அடுக்கு, பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் இழை. நடுவில் மரக்கூழும், ஈரத்தை இழுத்து ஜெல்லாக மாற்றும் 'எஸ்ஏபி' எனும் பாலிமர் துகள்களும். கசியாமல் தடுக்கும் அடி அடுக்கு பிளாஸ்டிக் படலம். அப்புறம் பசை, பசை மேல் ஒட்டும் தாள், தனித்தனி உறை, அதற்கு மேல் பாக்கெட்.

இதில் மரக்கூழ் மட்டும்தான் மக்கும். மற்றதெல்லாம் உடைந்து, நொறுங்கி, மண்ணிலேயே கிடக்கும்.

எண்ணிக்கை என்ன? ஒரு சுழற்சிக்கு 15 நாப்கின் என்று வைப்போம். வருடத்துக்கு 180. பதிமூன்று வயதில் தொடங்கி ஐம்பது வரை என்றால், கர்ப்ப காலங்களைக் கழித்தாலும் ஒரு பெண்ணின் வாழ்நாளில் 6,000-க்குக் குறையாது. நம் வீட்டில் எத்தனை பெண்கள் என்று எண்ணி நீங்களே பெருக்கிக்கோங்க.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2022 ஜூலையில் நாடு முழுக்க இன்னொரு தடை வந்தது. இரண்டு பட்டியலிலும் நாப்கின் இல்லை. இருக்கவும் முடியாது. கேரி பேக்குக்குப் பதில் மஞ்சப்பையைக் கையில் கொடுத்துவிடலாம். நாப்கினைத் தடை செய்தால் மறுநாள் காலையில் ஸ்கூலுக்குப் போக முடியாமல் நிற்பது அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்தான்.

மலையில் ஒரு நாப்கின் எங்கே போகும்?

குப்பை வண்டி தினமும் வராத எந்த ஊரிலும் நாப்கினுக்கு நான்கு வழிகள்தான்: எரிப்பது, புதைப்பது, புதரில் வீசுவது, ஓடையில் விடுவது. நான்கிலும் சிக்கல் இருக்கிறது.

எரித்தால்? ஈரமான நாப்கின் முழுசாக எரியாது. பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் கருகும்போது நச்சுப் புகை வரும். குளோரின் கலந்த பொருள் இருந்தால் டையாக்ஸின் போன்ற மோசமான வேதிப்பொருட்களும் உருவாகும். இதைத் தவிர்க்க 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்க வேண்டும். அடுப்பிலோ தோட்டத்து மூலையிலோ அது நடக்காது. பள்ளிகளில் மாட்டி வைத்திருக்கும் சின்ன எரிப்பான்களில் எத்தனை அந்தச் சூட்டைத் தொடும் என்பதும் கேள்விதான்.

புதைத்தால்? மழையிலும் நாய், பன்றி தோண்டுவதிலும் மேலே வந்துவிடும். வராவிட்டாலும் பிளாஸ்டிக் அப்படியேதான் இருக்கும்.

ஓடையில் விட்டால்? இங்கேதான் ஒரு நிமிஷம் மேப்பைத் திறந்து பார்க்கணும். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணைக்கு வருகிறது. கோமுகி ஆறு மணிமுக்தாவோடு சேர்கிறது. மணிமுக்தா வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போகிறது. மலையில் வீசியது மலையோடு போச்சு என்று கீழே இருக்கிற யாரும் சொல்லிவிட முடியாது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவளுக்கு நாப்கினைக் கொடுத்த நாம், அதைப் போட ஓர் இடத்தைக் கொடுக்கவில்லை.

'துணி என்றாலே மோசம்' - இது எப்படி வந்தது?

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. சின்ன வயசில் ஆயா வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொடி உண்டு. அதில் பழைய புடவையைக் கிழித்த துணிகள் காயும். ஆனா நேரா பார்க்க முடியாது. மேலே ஒரு பாவாடையை விரித்து மூடியிருப்பாங்க.

"ஏன் ஆயா மூடி வச்சிருக்க? வெயிலே படலையே?"

"ஆம்பளைங்க நடமாடுற எடம் பாப்பா, போ அந்தாண்ட."

அப்போ எனக்கு விளங்கவில்லை. இப்போ யோசித்தால், துணி பற்றிய மொத்தப் பிரச்சினையும் அந்தப் பாவாடையில்தான் இருக்கிறது.

தேசிய குடும்ப நல ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. அதன் ஐந்தாம் சுற்று (2019-21), 15 முதல் 24 வயதுப் பெண்கள் மாதவிடாய்க்கு எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டது. நாடு முழுக்க 64 சதவீதம் பேர் நாப்கின் என்றும், 50 சதவீதம் பேர் துணி என்றும் சொன்னார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் நிறைய என்பதால்தான் கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறது. மென்ஸ்ட்ருவல் கப்? 0.3 சதவீதம்.

கவனிக்க வேண்டியது அடுத்த விஷயம். அந்த ஆய்வு 'சுகாதாரமான முறை' என்று நாப்கின், உள்ளூரில் தயாரித்த நாப்கின், டாம்பான், கப் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறது. துணி அதில் வராது. சோப்புப் போட்டுத் துவைத்து உச்சி வெயிலில் காயவைத்த துணியும் சரி, இருட்டு மூலையில் ஈரமாகச் சுருட்டி வைத்த துணியும் சரி, இரண்டுமே ஒரே கணக்குதான்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததா? இல்லை. சரியாகக் காயாத துணி நிஜமாகவே தொற்றைக் கொண்டுவரும். ஒடிசாவில் நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் துணி வைத்துக்கொண்ட பெண்களிடம் பூஞ்சைத் தொற்று கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. துணியை வீட்டுக்குள்ளேயே காயவைத்தவர்களிடமும், கழிவறையில் ஒளித்து வைத்தவர்களிடமும் அந்த ஆபத்து அதிகம்.

எங்கே காயவைத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்பதும் சேர்ந்துதான் தொற்றை முடிவு செய்கிறது. ஆயா மேலே போட்டு மூடிய பாவாடையும் இந்தக் கணக்கில் வரும்.

இலவச நாப்கின் வந்ததால் என்ன ஆச்சு?

தமிழ்நாட்டில் 'புதுயுகம்' திட்டம் 2011-ல் அறிவிக்கப்பட்டது. கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இலவச நாப்கின். இது சாதாரண விஷயமில்லை. எத்தனையோ பெண்கள் அந்த நாட்களில் லீவு போடாமல் ஸ்கூலுக்குப் போக இது ஒரு முக்கியக் காரணம். மத்திய அரசு 2018 ஜூலையில் நாப்கின் மீதான 12 சதவீத ஜிஎஸ்டியை எடுத்ததும் ஒரு நல்ல மாற்றம்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு. திட்டம் தொடங்கியபோது இருந்த அளவு, இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், ஒரு பாக்கெட்டில் 6. அதாவது மாதத்துக்கு 9 நாப்கின். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும் என்கிறது மருத்துவம். ஐந்து நாளுக்கு 15-ஆவது வேணும். மீதி 6-க்கு என்ன வழி? ஒன்று, ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்துக்கொள்ளணும். இல்லை, காசு கொடுத்து வாங்கணும். இல்லை, துணி.

ஆக, துணி எங்கேயும் போகவில்லை. அதைப் பற்றிப் பேசுவதைத்தான் நாம் நிறுத்திவிட்டோம். எப்படித் துவைக்கணும், எப்படிக் காயவைக்கணும், எப்போ தூக்கிப் போடணும் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனது.

சரி, மாற்று என்னென்ன இருக்கு?

*1. துணி பேட்*

ஆயாவின் கிழிந்த புடவைதான், ஆனா அப்டேட் ஆன வெர்ஷன். பருத்தி அடுக்குகள், கீழே கசியாத ஒரு லேயர், உள்ளாடையில் மாட்ட இறக்கையும் பட்டனும்.

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் ஆரோவில்லில் 2010-ல் தொடங்கிய 'எகோஃபெம்' நிறுவனம், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களை வைத்து துணி பேட் தைக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதுவரை ஆரோவில்லும் கல்வராயன் மலையும் ஒரே மாவட்டம். வெளிநாட்டில் ஒரு பேட் விற்றால், அந்தப் பணத்தில் இங்கே ஒரு பெண்ணுக்கு ஒரு பேட் தருவது அவர்களது திட்டங்களில் ஒன்று. பேட் கொடுப்பதோடு நிறுத்தாமல், மாதவிடாய் பற்றிய வகுப்பும் எடுக்கிறார்கள். அந்த வகுப்புதான் முக்கியம். இல்லாவிட்டால் புது பேட்டும் பழைய பாவாடைக்கு அடியில்தான் காயும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2021-ல் திரும்பப் பயன்படுத்தும் பேட்களுக்கென ஐஎஸ் 17514 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. துணி பேட் என்பது பழங்காலத்து ஏற்பாடு என்று இனி ஒதுக்க முடியாது.

யாருக்கு செட் ஆகும்: தண்ணீர், சோப்பு, வெயில் மூன்றும் கிடைப்பவர்களுக்கு. உடலுக்குள் எதையும் வைக்கத் தயங்குபவர்களுக்கு. முதல் பீரியட்ஸ் வந்த பெண் குழந்தைகளுக்கும் எளிது.

*2. மென்ஸ்ட்ருவல் கப்*

மெடிக்கல் கிரேடு சிலிக்கானில் செய்த சின்னக் கிண்ணம். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து ஒட்டிக்கொள்ளும். 20 முதல் 30 மில்லி வரை பிடிக்கும். ஒரு சுழற்சி முழுக்க வெளியேறும் ரத்தமே சராசரியாக 30-40 மில்லிதான் என்பதால், அதிகபட்சம் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். ரத்தப்போக்கு அதிகமான நாளில் அதற்கு முன்பே காலி செய்யணும். நல்லபடி வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும்.

லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ் 2019-ல், 43 ஆய்வுகளில் கலந்துகொண்ட 3,300-க்கும் மேற்பட்டவர்களின் அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டது. கசிவு விஷயத்தில் கப், நாப்கினுக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ இருந்தது. பழகியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். பழகுவதற்கு சில மாதங்கள் ஆகலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

என் அனுபவம்? முதல் மாசம் பாத்ரூமில் அரை மணி நேரம் போராடி, அழுகை வந்து, பழையபடி பேட் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். மூணாவது மாசம்தான் கை பழகுச்சு. ஒரே தடவையில் வரலைன்னா உங்க உடம்பில் ஏதோ தப்புன்னு நினைக்காதீங்க.

காப்பர் டி வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே கப் பயன்படுத்தணும். இழுக்கும்போது அது நகர வாய்ப்பு இருக்கிறது. 'கப் வச்சா கன்னித்தன்மை போயிடும்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. கன்னித்தன்மை என்பது உடலில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றே இல்லை. ஆனால் அந்தப் பயம் உள்ள வீட்டில் ஒரு பதினான்கு வயதுப் பெண் கையில் கப்பைக் கொடுத்தால், அவள்தான் திட்டு வாங்குவாள். அதையும் யோசிக்கணும்.

யாருக்கு செட் ஆகும்: கைகழுவவும் கப் அலசவும் கொஞ்சம் சுத்தமான தண்ணீர், தாழ்ப்பாள் போட்ட பாத்ரூம், மாதம் ஒருமுறை கொதிக்கவைக்க ஒரு பாத்திரம் இருந்தால் போதும். காயப்போட வெயிலே வேண்டாம் என்பதால் ஹாஸ்டல், ஃபிளாட் வாழ்க்கைக்கு நல்ல சாய்ஸ்.

*3. பீரியட் பேன்ட்டி*

ஈரத்தை உறிஞ்சும் அடுக்குகள் உள்ள உள்ளாடை. வசதியானது, ஆனால் விலை அதிகம். தடிமனாக இருப்பதால் காய நேரம் எடுக்கும். கொடியில் தொங்கினால் சாதாரண உள்ளாடை மாதிரியே தெரிவது ஒரு பிளஸ்.

*4. மக்கும் நாப்கின்*

வாழைநார், மூங்கில், சோள மாவு என்று பல வகை. பிளாஸ்டிக் குறைவு என்பது உண்மை. ஆனால் 'மக்கும்' என்றால் எங்கே மக்கும் என்று கேட்கணும். சரியான சூடும் ஈரமும் உள்ள உரக்கிடங்கில் மக்குவது, பாலித்தீன் கவரில் கட்டிக் குப்பைமேட்டில் போட்டால் மக்காது. 'ஆர்கானிக்' என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம். டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2022-ல் பத்து நாப்கின்களைச் சோதித்தபோது, ஆர்கானிக் என்று விற்கப்பட்டவை உட்பட எல்லாவற்றிலும் தாலேட் எனும் வேதிப்பொருள் இருந்தது.

துவைக்கத் தண்ணீர் இல்லாத, ஆனால் குழி வெட்டி உரமாக்க இடம் இருக்கிற ஊருக்கு நல்ல மக்கும் நாப்கின் பொருந்தலாம். நகரத்து ஃபிளாட்டில் அதன் பலன் பெரும்பாலும் வீணாகிறது.

எது நிஜமாவே 'கிரீன்'?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2021-ல், மூலப்பொருளில் தொடங்கிக் குப்பை வரைக்கும் இந்தப் பொருட்களின் முழு ஆயுளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தது. கப்தான் குறைந்த பாதிப்பு. துணி பேட்டின் பாதிப்பு பெரும்பாலும் துவைப்பதில் வருகிறது. வெந்நீர், வாஷிங் மெஷின், டிரையர் என்று போனால் அதன் லாபம் குறையும். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி வெயிலில் போட்டால் கரன்ட் செலவே கிடையாது. இந்த விஷயத்தில் ஆயாவை அடிச்சுக்க ஆள் இல்லை.

காசு கணக்கு

தோராயமாகத்தான், கடைக்குக் கடை மாறும்.

- நாப்கின்: ஒன்று 7 ரூபாய் என்றால் மாதம் 15-க்கு 105. வருடம் 1,260. ஐந்து வருடத்தில் 6,300 ரூபாய், 900 நாப்கின்.
- கப்: சுமார் 300 முதல் 600 ரூபாய். ஐந்து வருடத்துக்கு ஒன்று போதும்.
- துணி பேட்: ஒன்று 250 என்று வைத்தால் ஆறுக்கு 1,500. ஆளுக்கு 75 முறை துவைக்கலாம் என்று கொண்டால், இரண்டரை வருடம் ஓடும். அதே காலத்தில் நாப்கினுக்கு 3,150 ஆகியிருக்கும்.

கணக்கில் துணியும் கப்பும் ஜெயிக்கின்றன. ஆனால் தினக்கூலிக்குப் போகும் ஒரு அம்மாவிடம் ஒரே நேரத்தில் 1,500 ரூபாய் இருக்காது. கடையில் 35 ரூபாய் பாக்கெட்தான் அன்றைக்கு முடியும். 'நீண்ட நாள் லாபம்' என்பது முதல் தொகையைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் கிடைக்கிற லாபம். அதனால்தான் இந்த முதல் தொகையை அரசோ பஞ்சாயத்தோ போட வேண்டும் என்கிறோம்.

அப்படி யாராவது செஞ்சிருக்காங்களா?

செய்திருக்கிறார்கள். கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் காயலோரம் இருக்கும் கும்பளங்கி கிராமம், 2022 ஜனவரியில் நாட்டின் முதல் 'நாப்கின் இல்லாத பஞ்சாயத்து' என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகுதி எம்.பி.யின் 'அவள்க்காயி' திட்டத்தில், பொதுத்துறை நிறுவனமான ஹெச்.எல்.எல். லைஃப்கேர் மூலம் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 5,000 கப்கள் வழங்கப்பட்டன. கப்போடு பயிற்சியும் கொடுத்தார்கள்.

இதை அப்படியே தூக்கிவந்து வெள்ளிமலையில் வைத்துவிடலாமா? அவசரம் வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர் வருகிற, கதவு உள்ள பாத்ரூம் இருக்கிற இடத்துக்குக் கப் சுலபம். கோடையில் குடத்தோடு நடக்கிற ஊரில் முதல் தேவை குழாய். ஆனால் கும்பளங்கியிலிருந்து ஒன்றை நிச்சயம் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களிடமிருந்து ஆரம்பித்தார்கள். அம்மாவும் அத்தையும் பழகிய பொருளைப் பிறகு பெண் பிள்ளை தானாகவே கேட்பாள்.

மலைக்கு எது சரி? நமக்கு எது சரி?

கல்வராயன் மலையின் நிலைமையை நான்கு கேள்விகளில் வைத்துப் பார்ப்போம்.

*தண்ணீர்:* மழையில் ஓடை நிறையும், சித்திரையில் வற்றும். துணி பேட்டுக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் வேணும்.

*வெயில்:* வெயில் காலத்தில் பிரச்சினையில்லை. அடைமழையிலும் மூட்டத்திலும் துணி இரண்டு நாளானாலும் காயாது. அந்த மாதங்களுக்குக் கூடுதல் செட் வேணும், இல்லையென்றால் நாப்கின் கையிருப்பு வேணும்.

*தனிமை:* பெண் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தால், பேட் அலச ஒரு மறைவான இடமும், காயவைக்க வெயில் விழுகிற ஒரு கொடியும் விடுதிக்குள்ளேயே இருக்கணும்.

*குப்பை:* சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு தினமும் வண்டி அனுப்புவது எளிதல்ல. ஆகவே தூக்கிப் போடுகிற பொருள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

நான்காவது கேள்வி துணியையும் கப்பையும் பரிந்துரைக்கிறது. முதல் மூன்று கேள்விகள் 'கொஞ்சம் பொறு' என்கின்றன. தூக்கிப் போட இடமில்லாத ஊருக்குத்தான் மாற்று அதிகம் தேவை. அதே ஊரில்தான் மாற்றைப் பயன்படுத்தும் வசதி குறைவு. இந்த முடிச்சை அந்தப் பெண் தனியாக அவிழ்க்க முடியாது. ஒரு குழாய், ஒரு கதவு, ஒரு கொடி, புதுயுகம் பாக்கெட்டோடு விரும்புகிறவர்களுக்கு ஒரு துணி பேட் செட், அதைப் பற்றிப் பேச ஒரு செவிலியரோ டீச்சரோ. இவ்வளவுதான் தேவை. எதை எடுப்பது என்ற முடிவு அவளுடையதாகவே இருக்கட்டும்.

நம்ம கதை வேற. குழாயைத் திறந்தால் தண்ணீர், தாழ்ப்பாள் போட்ட பாத்ரூம், ஆன்லைனில் ஆர்டர் போட காசு. மாற்றிப் பார்க்கச் செலவாகிற அந்த மூன்று மாதச் சங்கடத்தை நம்மால் தாங்க முடியும். 'பிளாஸ்டிக்கைக் குறைங்க' என்ற அறிவுரையை மலைக்கு அனுப்புவதற்கு முன்னால் முதலில் நாம் மாறலாமே.

துணி பேட் யூஸ் பண்றீங்களா? இதை மட்டும் மறக்காதீங்க

- முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்க. வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும்.
- சாதாரண சோப் போதும். பிளீச்சும் ஃபேப்ரிக் கண்டிஷனரும் வேண்டாம்.
- நேர் வெயிலில், முழுசாகக் காயணும். தொட்டால் ஈரம் தெரிந்தால் மறுபடி போடுங்க.
- காய்ந்ததைச் சுத்தமான துணிப்பையில் அலமாரியில் வையுங்க. பாத்ரூமில் வேண்டாம்.
- நாற்றம் போகவில்லை, துணி நைந்துவிட்டது என்றால் மாற்றிவிடுங்க.
- அரிப்பு, எரிச்சல், வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல் இருந்தால் டாக்டரைப் பாருங்க.

கப் என்றால், சுழற்சி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுக்கணும். ஒவ்வொரு முறையும் கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தொடணும்.

'இல்லப்பா, எனக்கு நாப்கின்தான்'

தப்பே இல்லை. எல்லா உடம்பும் எல்லா வேலையும் ஒன்றில்லை. ஃபீல்டு வேலை, நைட் ஷிப்ட், பொதுக் கழிப்பறை என்று அலைபவர்களுக்கு நாப்கின்தான் பல நேரம் கைகொடுக்கும். வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் துணி, வெளியே போகும்போது நாப்கின் என்றாலும் 15 என்பது 7 ஆகும். அதுவும் பெரிய குறைப்புதான்.

போடும்போது ஒரு உதவி. டாய்லெட்டில் ஃப்ளஷ் பண்ணாதீங்க. அடைப்பு எடுக்க ஒருத்தர் கையை விட வேண்டியிருக்கும். பேப்பரில் நன்றாகச் சுற்றி, வெளியே ஒரு அடையாளம் வைத்து, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்க. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே இப்படிச் சுற்றித் தரச் சொன்னது. நாப்கின் கம்பெனிகள் அதற்கான உறையைத் தரவேண்டும் என்றும் சொன்னது. நகரத்தில் தூய்மைப் பணியாளரும், கிராமத்தில் தூய்மைக் காவலரும் நம் குப்பையைக் கையால்தான் பிரிக்கிறார்கள்.

கடைசியாக, அந்தக் கொடி

சென்னையில் நான் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் மொட்டை மாடிக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: உள்ளாடைகளை இங்கே காயப்போடக் கூடாது. அதனால் ரூமுக்குள், ஃபேனுக்குக் கீழே, கட்டில் கம்பியில் எல்லாரும் காயப்போடுவோம். பல வருஷத்துக்கு முன்னாடி ஆயா போட்ட பாவாடை, இங்கே நோட்டீஸாக மாறியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, என் துணி பேட் ரெண்டைத் துவைத்து ஆயா வீட்டுக் கொடியில் போட்டேன். மேலே எதையும் போட்டு மூடவில்லை. ஆயா பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, நிழல் ஏறிய பக்கத்திலிருந்து ரெண்டையும் எடுத்து, வெயில் இருக்கிற பக்கம் நகர்த்தி, கிளிப் மாட்டிட்டுப் போனாங்க.